ஹாங்காங் சப்பாத்து

மலாக்காவின் காஜா பெராங்கில் சப்பாத்துத் தொழிற்சாலை மூடப்பட்டபோது அப்துல் கய்யூமை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பார். சண்டையில் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவருக்குக் கடை பண்டார் ஹிலிரில். அவருடைய வாப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து போட்ட கடை. குடை, செருப்பு, தொப்பி, பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கித்தான் சப்பாத்து எல்லாம் அங்கே கிடைக்கும். வீடு மட்டும் காஜா பெராங்கில், தொழிற்சாலைக்குக் கூப்பிடு தூரத்தில். கிலாங் என்றுதான் அந்தத் தொழிற்சாலையை எல்லாரும் மலாயில் சொல்வார்கள். காற்று திரும்பினால் கிலாங்கின் ரப்பர் நெடியும் பசை நெடியும் அவர் மனைவி ரோஷன் பீவி கொடியில் காயப்போட்ட துணியில்கூட ஏறிவிடும். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பியபோது பிழைப்புத் தேடிப் பட்டணத்துக்கு வந்த தமிழர்கள் பலருக்கு அந்தக் கிலாங்தான் சோறு போட்டது.

அவர்களுக்கெல்லாம் கய்யூம் 'நானா', அண்ணன். ஆஸ்பத்திரியில் மலாயில் பேச வேண்டுமா, குடியுரிமைக்குச் சாட்சி சொல்ல வேண்டுமா, நானாவைக் கூப்பிடு என்பார்கள். அவரும் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போவார். அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மலாயாவுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆள் ஹாங்காங் சப்பாத்து ஒரு ஜோடியைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தான். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. பால் வெள்ளை. விலையோ கிலாங் சரக்கில் பாதிதான். மலாக்கா முழுவதற்கும் நீங்களே எடுத்துப் போடுங்கள் என்றான் அவன். கய்யூம் அன்று மாலையே சரி என்றுவிட்டார். நோன்புப் பெருநாள் முடிந்ததும் கிலாங்கில் சரக்கு எடுப்பதை நிறுத்தினார். அவரிடமிருந்து மற்றக் கடைக்காரர்களும் ஹாங்காங் சரக்கை வாங்கினார்கள். அவர்களும் கிலாங் பக்கம் போவதை விட்டார்கள்.

கிலாங்கின் சீன முதலாளி, தவுக்கே, என்ன செய்வார்? வாரத்தில் நாலு நாள்தான் வேலை என்று அறிவித்தார். கூலியும் குறைந்தது. மருதமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. சப்பாத்துகளை வண்டியோடு உள்ளே தள்ளி வேகவைக்கும் பெரிய இரும்பு அடுப்பில் வேலை செய்தவன் அவன். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. அதிகம் பேசாதவன்தான், ஆனால் அவன் வாயைத் திறந்தால் மற்றவர்கள் கேட்டார்கள். அவன் சொல்லி எல்லாரும் வேலையை நிறுத்திக் கிலாங் வாசலில் உட்கார்ந்தார்கள். சில வாரங்களில் தவுக்கே கொஞ்சம் இறங்கிவந்தார், இவர்களும் உள்ளே போனார்கள். ஆனால் வாங்குவதற்கு ஆள் இல்லாத சப்பாத்தை எத்தனை நாள் செய்வது? தீபாவளிக்கு முன்பே கதவைச் சாத்திவிட்டார்.

அந்த நாலு நாள் வேலைக் காலத்தில்தான் மருதமுத்துவின் மனைவி அஞ்சலை ஒரு நாள் கய்யூமின் கடைக்கு வந்தாள். அவளும் கிலாங்கில் அடிப்பாகம் ஒட்டுகிறவள். அவள் கையைப் பிடித்தபடி மகள் ஜெயா. உள்ளே வராமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்று பார்த்துவிட்டு, மெதுவாக வந்தாள்.

"நானா, புள்ளைக்கு இந்த ஹாங்காங் சப்பாத்து ஒரு ஜோடி குடுங்க. நம்ம சரக்கு வாங்கக் கட்டுப்படியாகல."

"அதுக்கென்னம்மா, உக்காரு."

"அவருக்குத் தெரிய வேணாம் நானா. தெரிஞ்சா கொன்னுபோட்டுருவாரு. சப்பாத்து ஒட்டுற கையே வேற சப்பாத்த வாங்கிட்டுப் போகுதேன்னு எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

கய்யூம் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். அப்போது அது அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

கிலாங் மூடியபின் அரசாங்கத்திலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்து அதனால் வேலை போனவர்களுக்குச் சில மாதங்கள் உதவிப் பணம் கிடைக்கும், பிறகு சாலை வேலையிலோ புதிய நிலத் திட்டங்களிலோ முதல் இடம் கிடைக்கும் என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. மூடியதற்குக் காரணம் வெளிநாட்டுச் சரக்குதான் என்று விசாரணையில் நிரூபணமாக வேண்டும். உள்ளூர்த் தகராறால் மூடியது என்றால் ஒன்றும் கிடையாது.

தொழிலிலாகாவிலிருந்து கருணாகரன் என்ற அதிகாரி வந்தார். ஓய்ந்துபோன கிலாங்கின் உள்ளேயே ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார். தொழிலாளர்கள் சுற்றி நின்றார்கள். வேலைநிறுத்தத்தால்தான் என்று தவுக்கே சொன்னார், வெளிச் சரக்கால்தான் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். பொதுவான ஆள் யாராவது சொல்லட்டும் என்றார் அதிகாரி. கடைக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. நானா வருவார் என்று மருதமுத்துதான் சொன்னான். அவனே வந்து கூட்டிக்கொண்டு போனான்.

"நடந்தத நடந்தபடி சொல்லுங்க நானா, போதும்" என்றான் வழியில்.

நடந்ததைச் சொல்லத்தான் கய்யூமும் போனார். போகும்போதுதான் அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்தது. கிலாங் வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்: வெளிநாட்டுச் சரக்குதான் காரணம் என்று ஆகிவிட்டால் அரசாங்கம் அதற்கு வரி போடுமாம், வராமலே தடுத்துவிட்டாலும் விடுமாம். கய்யூமின் கிடங்கில் அப்போது ஜனவரிப் பள்ளித் திறப்புக்காக ஹாங்காங் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. அடுத்த கப்பலுக்கும் சொல்லிவைத்திருந்தார்.

"நீங்க ஏன் இங்க சரக்கு வாங்கறத நிறுத்தினீங்க?" என்று கருணாகரன் கேட்டார்.

கய்யூம் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை பின்னால் ஒரு தூணோரம் நின்றாள்.

"வேலநிறுத்தம் நடந்துச்சுல்ல சார், அப்ப சரக்கு வரல. வாடிக்கைக்காரங்கள திருப்பி அனுப்ப முடியுமா? அதான் வெளிச் சரக்குக்குப் போனேன்."

"வேலைநிறுத்தத்துக்கு அப்புறம்தான்?"

"ஆமா சார். அதுக்கு அப்புறம்தான்."

அவ்வளவுதான். வேலைநிறுத்தமும் நடந்தது உண்மை, அவர் சரக்கை நிறுத்தியதும் உண்மை. முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் வைத்துவிட்டார். மருதமுத்து நிமிர்ந்து அவரைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கி, எதையோ நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

உதவி இல்லை என்று அடுத்த மாதம் பதில் வந்தது. தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால் வாடிக்கை போய் ஆலை மூடப்பட்டதாம்.

ஜனங்களின் கோபம் முழுவதும் மருதமுத்துமேல் திரும்பியது. நேற்றுவரை அவன் பின்னால் நின்றவர்கள், இவன் பேச்சைக் கேட்டுத்தானே வாயில் மண் விழுந்தது என்று ஏசினார்கள். அவன் வீட்டு வாசலில் நின்று ஒருவன் குடித்துவிட்டுக் கத்தினான். குழாயடியில் அஞ்சலை போனால் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மருதமுத்து கொஞ்ச நாள் பார்த்தான். பிறகு ஒரு பையில் இரண்டு சட்டையைச் சுருட்டிக்கொண்டு, பஹாவுக்கு அப்பால் காட்டில் மரம் வெட்டும் கம்பெனிக்குப் போய்விட்டான்.

கய்யூம் கடைக்குப் போனார், வந்தார். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் கிலாங்கைத் தாண்டிப் போகும் வழியை விட்டு வேறு சந்து வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எப்போதும் முன்வரிசையில் நிற்பவர் பின்னால் தூணோரம் ஒதுங்கினார். "ஒடம்புக்கு என்ன?" என்று ரோஷன் பீவி கேட்டால் பித்தம் என்பார்.

வரி ஒன்றும் வரவில்லை. அதுவும் அவரைக் குத்தியது. வராத ஒன்றுக்குப் பயந்து இத்தனை பேர் சோற்றில் கைவைத்தோமே என்று.

அஞ்சலை ஆப்பம் சுட்டு வீடு வீடாக விற்க ஆரம்பித்திருந்தாள். ஒரு காலையில் பின்கட்டில் ரோஷன் பீவியிடம் ஆப்பத்தைக் கொடுத்துவிட்டுக் குந்தியபடி பேசிக்கொண்டிருந்தாள். பீவியை அவள் லாத்தா, அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். கய்யூம் கூடத்தில் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்தே கிடந்தது.

"ஜெயா ஏன் வெறுங்காலோட பள்ளிக்கூடம் போவுது?" என்று பீவி கேட்டாள்.

"அந்தச் சப்பாத்த ஆத்துல போட்டுட்டேன் லாத்தா."

"ஏண்டி?"

அஞ்சலை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "விசாரண அன்னிக்குப் புள்ளையையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். ஹாங்காங் சப்பாத்தப் போட்டுக்கிட்டு வந்திருச்சு. அந்த ஆபீசரு குனிஞ்சு அது காலப் பாத்தாரு லாத்தா, நான் பாத்தேன். கிலாங்ல வேல செய்யிறவளே வெளிச் சரக்குத்தான் வாங்குறா, இவளுங்களுக்கு எதுக்கு ஒதவின்னு நெனச்சிருப்பாரு. எல்லாருக்கும் ஒதவி போனது என்னாலதான். எங்க வீட்டுக்காரரு பேச்ச வாங்கிக்கிட்டுக் காட்டுக்குப் போயிட்டாரு. அவருகிட்டகூட நான் இன்னும் சொல்லல."

"சும்மா கண்டதையும் நெனைக்காத."

"தூக்கமே வரல லாத்தா."

கய்யூம் பொத்தானைப் போட மறந்து நின்றார். தான் செய்ததன் சுமையை இவ்வளவு நாளும் வேறொருத்தி, அதுவும் ஒரு ஜோடிச் சப்பாத்துக்காக, தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்திருக்கிறாள். அந்த நிமிஷமே வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை உள்ளேயே நின்றார்.

அன்று அவர் கடையைத் திறக்கவில்லை. நேரே தொழிலிலாகா அலுவலகத்துக்குப் போனார்.

கருணாகரன் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். கய்யூம் உட்காரவில்லை. "நான் கிலாங்ல சரக்க நிறுத்தினது வேலநிறுத்தத்துக்கு முன்னாடி சார். பெருநாள் முடிஞ்ச கையோட நிறுத்திட்டேன். ஹாங்காங் சரக்குக்கு மலாக்கா ஏஜென்ட்டே நான்தான். மத்தக் கடைக்கெல்லாம் நான்தான் போட்டேன். அதனாலதான் அவங்களுக்கு வேல கொறஞ்சுது. அதனாலதான் வேலநிறுத்தமே வந்துச்சு" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அன்னிக்கு இப்படிச் சொல்லலயே. மறதியா?"

"மறதி இல்ல சார். பொய்."

கருணாகரன் ஜன்னல் பக்கம் பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் அன்றாடம் இப்படி எத்தனையோ கேட்டுச் சலித்தவர். "பொய்னு போட்டா, நீங்க இப்ப சொல்றதையும் மேல யாரும் நம்ப மாட்டாங்க. மறு விசாரணையும் வராது. மறதின்னே போடறேன்."

"நான் பொய்தான் சொன்னேன் சார்."

"தெரியுது. ஆனா அந்த ஜனங்களுக்கு உதவி வேணுமா, உங்களுக்கு மனசு ஆறணுமா?"

கய்யூம் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். தண்டனை ஏதாவது கிடைக்கும் என்றுதான் போயிருந்தார். அது கிடைக்கவில்லை.

மறு விசாரணையில் அவர் கொண்டுபோன சரக்குச் சீட்டுகளைப் பார்த்துத் தவுக்கேயும் ஒத்துக்கொண்டார். உதவி உண்டு என்று ஆயிற்று. காஜா பெராங்கே கலகலத்தது. தெருவில் போனால் கைகூப்பினார்கள். நானா நமக்காக ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்தார் என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி வாழைத்தாரைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பழத்தைத் தொடக் கய்யூமுக்குக் கை கூசியது. முழுவதையும் பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டார்.

ஆனால் உதவியும் வேலையும் வேண்டுகிறவர் நேரில் வந்து பெயர் பதிய வேண்டும் என்றார்கள். பதிய வேண்டிய வாரம் ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சலை புருஷனுக்காகப் போய் நின்றாள், முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். மரக் கம்பெனிக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியவில்லை. அவள் பீவியிடம் வந்து அழுதாள்.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்றார் கய்யூம். ரோஷன் பீவி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். தம்பின் ஊரைத் தாண்டி அவர் எங்கும் போனதில்லை.

பஸ்ஸில் தம்பின், அங்கிருந்து ரயிலில் கெமாஸ், வேறு ரயில் மாறிப் பஹாவ். அதற்கப்பால் மர லாரியில் ஏறிச் செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனார். வெள்ளைச் சட்டை ஆரஞ்சு நிறமாகிவிட்டது. ஓலைக் கொட்டகையின் முன்னால் சட்டி கழுவிக்கொண்டிருந்த மருதமுத்துவை முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, காய்ச்சல் கண்ட கண்ணோடு இருந்தான்.

"நானா? வீட்ல ஏதாச்சும்..."

"எல்லாரும் சொகம். ஒதவி கெடச்சிருச்சு. நீ வந்து பேரு குடுக்கணும், கெளம்பு."

மருதமுத்து அப்படியே குனிந்து அவர் காலைத் தொடப் போனான். கய்யூம் பதறிப் பின்னால் நகர்ந்தார்.

திரும்பும்போது கெமாஸ் ஸ்டேஷனில் தம்பின் ரயிலுக்காகக் காத்திருந்தார்கள். நல்ல வெயில். கய்யூம் இரண்டு கோப்பி வாங்கி வந்தார். மருதமுத்து குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு சொன்னார்.

"அன்னிக்கு விசாரணையில நான் சொன்னது பொய் மருதமுத்து. வேலநிறுத்தத்துக்கு முன்னாடியே நான் சரக்கெடுக்கறத விட்டுட்டேன்."

மருதமுத்து கோப்பையைக் கீழே வைத்தான். "எனக்குத் தெரியும் நானா."

"தெரியுமா?"

"அடுப்புக்குள்ள போற வண்டி கொறஞ்சா எனக்குத் தெரியாதா? பெருநாளுக்கு அப்புறமே பாதி வண்டி காலியாத்தான் போச்சு."

"அப்ப ஏன் அங்கயே எந்திரிச்சுச் சொல்லல?"

மருதமுத்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நானா பொய் சொல்ல மாட்டாரு, எனக்குத்தான் முன்னப் பின்ன மறந்துபோச்சுன்னு நெனச்சேன். காட்டுல படுத்துக்கிட்டு அதையே யோசிச்சுக்கிட்டு இருப்பேன். அவ்வளவு பேரையும் நான்தான் கெடுத்திட்டேன்னு நானே நம்பிட்டேன்."

கய்யூம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். மருதமுத்து கையைக் காட்டி நிறுத்தினான்.

"எங்கிட்ட வேணாம். ஊர்ல சொல்லுங்க. மொதல்ல அஞ்சலகிட்ட சொல்லுங்க. என் பேருல விழுந்த ஏச்செல்லாம் அங்க இருந்து வாங்கினது அவதான்."

ரயில் வந்தது. தம்பின் வரைக்கும் மருதமுத்து எதிர் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூங்கவில்லை என்பது கய்யூமுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை மருதமுத்து பெயர் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் கய்யூம் அவன் வீட்டுக்குப் போனார். அஞ்சலை மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க நானா, வாங்க" என்று பலகையை எடுத்துப் போட்டாள். முகமெல்லாம் நன்றி. அதைப் பார்த்துக்கொண்டே சொல்வதுதான் அவருக்கு முடியாமல் இருந்தது. அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். ஏஜென்சி, கிடங்கில் இருந்த சரக்கு, வரி வந்துவிடுமோ என்ற பயம், அதிகாரியிடம் மாற்றிச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒதவி போனது என்னாலதான் அஞ்சல. ஒம் புள்ள காலுல கெடந்த சப்பாத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ பீவிகிட்ட சொன்னத நான் கேட்டேன். அதுக்கு அப்புறம்தான் எனக்கு ஆபீசுக்குப் போற புத்தியே வந்துச்சு."

அவள் திட்டுவாள், அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார்.

"புதுச் சப்பாத்து" என்றாள். "ஆறு மாசங்கூடப் போடல. அது அழுவ அழுவக் கழட்டி ஆத்துல எறிஞ்சேன்."

"நான் வேற ஜோடி..."

"வேணாங்க." அவள் குனிந்து மாவுச் சட்டியை எடுத்துக்கொண்டாள். "வேல கெடக்கு மொதலாளி. வெயில் ஏறுனா யாரும் ஆப்பம் வாங்க மாட்டாங்க."

கய்யூம் வெளியே வந்தார். அன்று மாலையே குழாயடிப் பக்கம் கூடியிருந்தவர்களிடமும் சொன்னார். சிலர் ஏசினார்கள். சிலர், அதான் இப்ப வாங்கிக் குடுத்திட்டீங்களே நானா, விடுங்க என்றார்கள். இரண்டுமே அவருக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. மருதமுத்துவுக்குச் சாலை வேலை கிடைத்தது. புக்கிட் காதில் பக்கம் புது ரோடு போடும் கூட்டத்தில் சேர்ந்தான். முன்பு அவனை ஏசியவர்கள் சில நாள் வெட்கப்பட்டு ஒதுங்கி, பிறகு பழையபடி பேசத் தொடங்கினார்கள்.

ஹாங்காங் ஏஜென்சியைக் கய்யூம் விடவில்லை. தான் விட்டால் இன்னொருத்தன் எடுப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது உண்மையும்கூட. ஆனாலும் பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிரித்தார். அஞ்சலை ரோஷன் பீவியிடம் எப்போதும்போல லாத்தா லாத்தா என்று ஒட்டிக்கொண்டு பேசினாள், சிரித்தாள். அவரைத் தெருவில் கண்டால் நானா என்று கூப்பிடாமல் மரியாதையாக ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.